கனவில் திட்டாதவள்

அரியலூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் டீச்சர். பெயர் புவனேஸ்வரி. தினமும் பகல் பன்னிரண்டரைக்கு இருபத்திரண்டு பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன். பத்து நிமிஷம் போதும். பருப்பு சாதம், முட்டை, பாய், முதுகில் நாலு தட்டு, "எந் தங்கம்ல, கண்ண மூடு" என்று ஒரு வார்த்தை. அடங்காப்பிடாரி என்று ஊரே சொல்கிற பிள்ளைகூட வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிடும். இதற்காகப் பாராட்டுச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். வயது நாற்பத்தொன்று. அந்த ஆளைத் தூங்க வைக்கத்தான் எனக்குத் துப்பில்லாமல் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் அறிவழகன். அது பெயரில் இருந்தாலே போதும் என்று பெற்றவர்கள் விட்டுவிட்டார்கள்போல. சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். பெரம்பலூர் எல்லைப் பக்கம் சுரங்கத்தில் கல்லை ஏற்ற வேண்டும், அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் கொட்ட வேண்டும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். பன்னிரண்டு வருஷமாக அதே ரோடு, அதே மேடு, அதே கல். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், சண்டை போட்டால் விலக்கிவிடக்கூட ஆள் கிடையாது.

போன வருஷம் ஆடியில், அவரோடு சேர்ந்து வண்டி ஓட்டிய பூங்காவனம் என்கிறவரின் டிப்பர், மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் புளியமரத்தில் மோதியது. அந்த மனுஷன் பிழைக்கவில்லை. இவர் பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது கனவு. கனவில் இவர் வண்டிக்கும் பிரேக் இருக்காது. மிதிக்க மிதிக்கக் கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், புளியமரம் கிட்டே வரும், "புவனா!" என்று கத்திக்கொண்டு எழுந்து உட்காருவார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். இவர் தூக்கத்தில் பிரேக் என்று நினைத்து மிதித்ததெல்லாம் என் முழங்கால்தான். அது கன்றிப்போய் நீலம் பாரித்துக் கிடந்ததை ஊரில் யாரிடமும் காட்ட முடியவில்லை, வேறு மாதிரி பேசுவார்கள்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். கயிறு விற்றவன் நன்றாகத் தூங்கியிருப்பான். இவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் என் கூடப்பிறந்த தம்பி ரஞ்சித்குமார். இன்ஜினியரிங் முடித்துவிட்டு பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உடைந்த போனைப் பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷனையும் ரிப்பேர் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான்.

"மாமா, கனவு காணுறப்பவே இது கனவுதான்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டா? அப்பறம் என்ன பயம்? வண்டிய நிறுத்தலாம், பறக்க வுடலாம், அந்த மரத்தையே புடுங்கி எறியலாம். எல்லாம் ஒங்க இஷ்டம்."

"அப்புடில்லாம் முடியுமா மாப்ள?"

"கெட்ட கனவு வர்றவங்களுக்கு வெளிநாட்டுல இதையும் சொல்லிக் குடுக்குறாங்க மாமா. லூசிட் ட்ரீம்னு பேரு. யூட்யூப்ல அவ்ளோ வீடியோ கெடக்கு."

பேரில் முதல் ரெண்டு எழுத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவருக்கு விளங்கவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு மாமனும் மச்சானும் ராத்திரி சோற்றைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

செய்முறை இதுதான். படுத்து நாலரை, ஐந்து மணி நேரத்தில் அலாரம் வைத்து எழ வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்து, "அடுத்து வர்றது கனவு, அது எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கண்ட கனவை நோட்டில் எழுத வேண்டும். பகலில் பத்துத் தடவை, இது கனவா நிஜமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். விரலை எண்ணினால் கனவில் ஆறோ ஏழோ இருக்குமாம். மூக்கைப் பொத்திக்கொண்டால் கனவில் மூச்சு வருமாம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். எழுந்து உட்கார்ந்து தூங்கப் பழகுகிறவனை என்ன செய்வதென்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை.

எங்கள் சிந்தாமணி அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்ததும் இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சோதனை செய்தார். சாம்பார் ஊற்ற வந்தவன் மிரண்டுபோய் வாளியை மோந்து பார்த்தான். பக்கத்து இலைக்காரர் மோந்து பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் "சாம்பாரு ஊசிப்போச்சாம்" என்று பந்தி முழுக்கப் பரவி, பாதிப் பேர் ரசம் மட்டும் போதும் என்று எழுந்துவிட்டார்கள். அண்டா சாம்பார் அப்படியே நின்றது. அத்தை என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது.

அலாரம் அடித்தால் இவர் மட்டுமா எழுகிறார்? நானும்தான் எழுகிறேன். இவருக்காவது பறக்கிற கனவு வரும். எனக்கு வந்தது தலைவலி.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் விடிகாலையில் என்னை உலுக்கி எழுப்பினார். முகமெல்லாம் பல்.

"புடிச்சிட்டேன் புவனா! அதே மேடு. பிரேக்கு இல்ல. மரம் வருது. வெரல எண்ணுனேன், ஏழு! அட, இது கனவுதான்னு ஸ்டியரிங்க வுட்டுட்டேன். ரெண்டு கையையும் மேல தூக்கிட்டேன். வண்டி கெளம்புச்சு பாரு, லோடோட! மரத்து உச்சிக்கு மேல போவுது! கீழ பூங்காவனம் நின்னுக்கிட்டு கையாட்டுறாப்ல!"

சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு நானே முந்திரி நிறையப் போட்டுக் கேசரி கிண்டிக் கொடுத்தேன். ஸ்டியரிங்கை விட்டதற்குக் கேசரி. என் புத்தியை எதால் அடிப்பது?

அதோடு பிரேக் கனவு நின்றது. அதோடு இவரும் நிறுத்தியிருக்க வேண்டும். இருமலுக்கு மருந்து குடிக்கிறவன் இருமல் நின்றால் பாட்டிலை மூடி வைப்பான். இவர் இனிக்கிறதே என்று அண்ணாந்து குடிக்கிற ரகம். தினமும் அலாரம், தினமும் நோட்டு. கொள்ளிடத்துக்கு மேலே டிப்பரில் பறந்தாராம். வண்டி முதலாளி ஓடி வந்து கதவைத் திறந்து "வாங்க சார்" என்றாராம். கறிக்குழம்பு சாப்பிட்டாராம், ருசிகூட அப்படியே தெரிந்ததாம்.

"கறிக்குழம்பு யாரு வச்சா?" என்று கேட்டேன்.

"நீதான்."

"நான் வருவேனா?"

"வருவியே! சிரிச்சிக்கிட்டே சோறு போடுவ. இன்னுங் கொஞ்சம் வச்சுக்குங்கன்னு சொல்லுவ. தல முடியக் கோதி வுடுவ."

"திட்ட மாட்டனா?"

"ஒரு நாளுகூடத் திட்டுனதில்ல," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊரில் சிலருக்கு வெளியே சக்களத்தி இருப்பாள். எனக்கு வாய்த்தவள் என் மூஞ்சியோடவே வருகிறாள், என் புடவையைக் கட்டிக்கொண்டு. போய் மயிரைப் பிடித்து ஆயலாம் என்றால் இவர் மண்டைக்குள்தான் போக வேண்டும். சிரிப்பாகத்தான் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் பொங்கிப் போட்டவள் நான், நல்ல பேர் அவளுக்கு.

இந்தக் கூத்தில் மனுஷன் ஆறு கிலோ இளைத்தார். கண் ரெண்டும் குழிக்குள் போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே தலை தொங்கும். அதைவிட மோசம், எது நடந்தது, எது கனவு என்கிற கணக்கு அழிய ஆரம்பித்தது. "கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சிட்டேன்" என்றார் ஒருநாள். மூன்று நாள் காத்திருந்தேன், வரவில்லை. ஏஜென்சியில் போய்ச் சண்டை போட்டேன். அப்படிப் பதிவே இல்லை என்றார்கள். கனவில் பதிந்திருக்கிறார். அந்த மகராசி வீட்டுக்கு சிலிண்டர் போய்ச் சேர்ந்திருக்கும், நான் இங்கே விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக, அரியலூரில் டாக்டரம்மா நர்மதாவிடம் கூட்டிப் போனேன்.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"ஆறு மணி நேரம் மேடம். அதுல ஒரு மணி நேரம் முழிச்சிருப்பேன். அப்பறம் ஒரு மணி நேரம் தூக்கத்துக்குள்ளயே முழிச்சிருப்பேன்," என்றார் இவர், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரஷர் பார்த்தார். கூடியிருந்தது.

"கனவுன்னு தெரிஞ்சுக்கிட்டே கனவு காணுறது வியாதி இல்லங்க. சில பேருக்குத் தானாவே வரும், வந்துட்டுப் போயிரும், அதனால ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. கெட்ட கனவுக்குப் பலன் இருக்கலாம்னுகூட சொல்றாங்க, இன்னும் ஆராய்ச்சிதான் நடந்துக்கிட்டு இருக்கு. ஆனா நீங்க அதுக்காகத் தூக்கத்த நடுவுல வெட்டுறீங்க பாருங்க, அதான் ஒங்களக் கொல்லுது. விடியப்போற நேரத்துத் தூக்கத்த தெனமும் ஒடச்சா பிரஷர் ஏறும், கோவம் வரும், மறதி வரும். நெசமும் கனவும் கொழம்புதுன்னா அன்னைக்கே நிறுத்திடணும். நீங்க டிரைவர் வேற. ஒரு மாசம் லீவு போட்டு நல்லாத் தூங்குங்க. அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

"ஒரு மாசம் உக்காந்தா என் வண்டிக்கு வேற ஆள ஏத்திருவாங்க மேடம். அலாரத்த வேணா நிறுத்திடுறேன். சத்தியமா."

சத்தியத்தை என் தலையில் கை வைத்துச் செய்தார். தலை என்னுடையதுதானே, இவருக்கென்ன போச்சு.

அலாரம் அடிக்கவில்லை. நாலு நாள் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல் கேட்டு விழித்தேன். சத்தமில்லாமல் அதிர மட்டும் வைத்து, போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறார். சத்தியம் அலாரத்துக்குத்தானாம், அதிர்வுக்கு இல்லையாம். நான் கத்திய கத்தில் தெரு நாயெல்லாம் குரைத்தது.

காலையில் அந்தக் கனவு நோட்டை எடுத்து அடுப்பில் போடப் போனேன். கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. கோழி கிளறின மாதிரி கையெழுத்து. "விரல் சோதனை, செல்லாது. மூக்கு சோதனை, செல்லாது. புவனா திட்டினால் நிஜம். திட்டாவிட்டால் கனவு."

"இது என்னங்க?" என்று நீட்டினேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "கனவு எல்லாத்தையும் கத்துக்கிச்சு புவனா. இப்பல்லாம் வெரலு சரியா அஞ்சுதான் வருது. மூக்கப் பொத்துனா மூச்சு முட்டுது. எது எதுன்னே புடிபடல. ஒன்னோட திட்டு மட்டுந்தான் அதுக்கு இன்னும் வரல."

நியாயமாக நான் பயந்திருக்க வேண்டும். பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவளால் கறிக்குழம்பு வைக்க முடிகிறது, சிரிக்க முடிகிறது, தலை கோத முடிகிறது. என்னை மாதிரித் திட்ட முடியவில்லையே! அந்த ஒரு விஷயத்தில் சிறுக்கி தோற்றுப் போனாள்.

அன்றையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. பகலில் ரெண்டு தடவை, மூன்று தடவை.

"புவனா, திட்டு."

"வண்டி ஓட்டுறப்ப போன் பேசாதய்யான்னு எத்தன தடவ சொல்லுறது! மண்டையில இருக்குறது மூளையா, நீ ஏத்துற கல்லா?"

"ஆங், போதும் போதும். நெசந்தான்." வைத்துவிடுவார்.

அங்கன்வாடியில் எனக்கு உதவியாக இருக்கிற சின்னப்பிள்ளை என்கிறவள், பருப்பைக் கடைந்துகொண்டே சிரிப்பாள். "அவவ புருசன் பொண்டாட்டி திட்டுவாளேன்னு போனையே எடுக்கமாட்டான். ஒம் புருசந்தாங்க்கா போன் போட்டுத் திட்டு வாங்குறாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் உட்கார வைத்துக் கறாராகப் பேசினேன். வேலை போனாலும் பரவாயில்லை, லீவு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். மனுஷனுக்கும் உள்ளுக்குள் பயம் வந்திருந்தது. மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். "இந்த வாரம் பகல் ஷிப்ட்டு. சனிக்கெழமையோட எழுதிக் குடுத்துடுறேன் புவனா. இன்னும் மூணு நாளுதான்," என்றார். சரி, மூணு நாள்தானே என்று நானும் விட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பதினோரு மணிக்கு அங்கன்வாடிக்கு சூப்பர்வைசர் மணிமொழி மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். டீச்சர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். கையில் படிவம். "குழந்தைகள் முன்னிலையில் கடுஞ்சொல் பயன்படுத்துகிறாரா? ஆம் / இல்லை." நாற்காலியைப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் வெல்லம் ஒழுகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று இருபதுக்கு போன் அடித்தது. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பார் என்று எடுத்தேன்.

"புவனா, ஒரு மாதிரியா இருக்கு. ரோடு நெளியுற மாதிரி தெரியுது. திட்டு."

மேடம் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் வாயையே பார்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகளும் பார்த்தன. எனக்கு அந்த அங்கன்வாடிக் குரல்தான் வந்தது.

"சொல்லுங்க. சாப்டீங்களா?"

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் உறுமியது.

"புவனா? திட்டு புள்ள."

"ஐயோ, ஒங்களப் போயி திட்டுவனா? ஓரமா நிறுத்திட்டு செத்த நேரம் கண்ண மூடுங்க. அப்பறமா நானே கூப்புடுறேன், என்ன?" என்று சொல்லி, மேடத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு போனிலும் கேட்டிருக்கும்.

"ஓ," என்றார். பிறகு, பிள்ளைகள் மிட்டாயைப் பார்த்ததும் சொல்லுமே, அந்தக் குரலில் சொன்னார். "அப்ப சரி."

போன் அணைந்தது.

"வீட்டுக்காரரா? இந்தக் காலத்துல இவ்வளவு பொறுமையா யாரும்மா பேசுறா?" என்று மேடம் 'இல்லை' என்கிற கட்டத்தில் டிக் போட்டார். நான் பொம்மையைத் தூக்கினேன். முயல் என்ன சொன்னது என்று ஒரு பிள்ளை கேட்டது. அப்ப சரி. அப்ப சரி என்றால் என்ன சரி? என் கையிலிருந்து பொம்மை விழுந்தது.

அவர் நம்பருக்குத் திருப்பிப் போட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"எடுய்யா! யோவ், எடு! எருமமாடே, கூறு கெட்டவனே, இது நெசம்யா, நெசம்! எடுத்துத் தொலை!"

போகாத இடத்துக்கு என் குரல் போய்க்கொண்டிருந்தது. மணி அடிக்கிற போனைப் பார்த்து, எனக்குத் தெரிந்த கடுஞ்சொல் அத்தனையையும் கத்தினேன். பிள்ளைகள் வீறிட்டு அழ ஆரம்பித்தன. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். சின்னப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க பேசுறது? எம் பேரு அழகேசன். வண்டி எங்க மக்காச்சோளக் கொல்லைக்குள்ள சாஞ்சு கெடக்குங்க. ஆளு உசுரோட இருக்காரு, பயப்படாதீங்க. நூத்தியெட்டுக்குச் சொல்லியாச்சு."

"எப்படிங்க ஆச்சு?"

"டீக்கடையிலேர்ந்து நாங்க நாலு பேரு பாத்தமுங்க. மேட்டுலேர்ந்து வண்டி எறங்குது. டிரைவரு ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டே வர்றாருங்க. இருவதடி தள்ளித் திரும்பியிருந்தா டீக்கடைதான். அப்பறம் நாங்க நாலு பேருமே இருந்திருக்க மாட்டோம்."

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் திட்டுகளை அடுக்கிக்கொண்டே போனேன். பதினெட்டு வருஷத்தில் திட்டாத திட்டெல்லாம் வரிசை கட்டி நின்றது. தம்பியும் பெரம்பலூரிலிருந்து பைக்கில் பறந்து வந்திருந்தான். அவனுக்கென்று தனியாக ஒரு பங்கு வைத்திருந்தேன். மாடி வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். வலது கால் ரெண்டு இடத்தில் முறிவு, விலா எலும்பு மூன்று, நெற்றியில் தையல். முகம் கருத்துச் சின்னதாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அடுக்கி வைத்தது அத்தனையும் போன இடம் தெரியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகைதான் வந்தது. நெற்றியில் விழுந்த முடியைக் கோதிவிட்டேன்.

சாயங்காலம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார்.

"வந்துட்டியா? அப்ப இன்னும் முடியல."

"என்னங்க முடியல?"

"ஜன்னல் தொறந்துதான் இருக்கு. வா, பறந்து வூட்டுக்குப் போயிரலாம்." சொல்லிக்கொண்டே கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் குழாயைப் பிடித்து இழுத்தார். ரத்தம் எட்டிப் பார்த்தது. நல்ல காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுவிட்டார்.

"மாமா! மாமா, கெடங்க!" என்று தம்பி பாய்ந்து தோளை அமுக்கினான். இவர் அவனைக் கனவில் வந்தவனைத் தள்ளுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே தள்ளினார். இளைத்த உடம்புக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ.

"அக்கா, திட்டுக்கா! திட்டு!" என்று தம்பி அலறினான்.

வாயைத் திறந்தேன். "ஏங்க" என்றுதான் வந்தது. எப்போது பார்த்தாலும் வாசலிலேயே காத்திருக்கிற என் நாக்கு, பாவி, அன்றைக்குப் பார்த்துப் படுத்துக்கொண்டது. இவர் ஜன்னலைப் பார்க்கிறார். எனக்கு அந்தப் புளியமரம் கண்ணில் தெரிந்தது, அவளும் தெரிந்தாள், என் புடவையில், தலையைக் கோதிக்கொண்டு, வா வா என்று.

"யோவ்!"

வார்டே திரும்பியது.

"பறக்கப் போறியா நீ? ஒங்க வம்சத்துல எவன்யா பறந்தான்? கேஸ் சிலிண்டரு பதியத் தெரியாது, மூஞ்சியப் பாரு, பறக்கப் போறாராம்! காலு ரெண்டாப் போச்சு, இன்னும் புத்தி வரல! நாலு பேரு உசுரு போயிருக்குமேய்யா! ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரய்யா திட்டுவேன்? சொல்லுய்யா, நான் யாரத் திட்டிக்கிட்டு இருப்பேன்? காலத் தூக்கி உள்ள போடு! போடுறியா, இல்ல இருக்குற ஒரு காலையும் நானே ஒடைக்கவா?"

கை டிரிப்ஸை விட்டது. என்னையே உற்றுப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, வலி வந்து உட்கார்ந்தது. "அம்மா" என்று முனகினார். கால் வலிக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நர்ஸ் ஓடி வந்தார். "இது ஆஸ்பத்திரிம்மா! இப்புடியா கத்துறது? பேஷண்ட் தூங்க வேணாமா?"

"வுடுங்க சிஸ்டர்," என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "நெசந்தான்."

நர்ஸ் ஊசியைச் சரிசெய்துவிட்டு முறைத்துக்கொண்டே போனார். இவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "நிறுத்திப்புடாத புவனா," என்றார். அவர் கண்ணில் இருந்த பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதுகில் தட்ட முடியாது, விலா முறிந்திருந்தது. புறங்கையில் தட்டினேன். தட்டிக்கொண்டே, அங்கன்வாடிக் குரலில், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் திட்டினேன். கூறு கெட்ட மனுசா. எரும. கல்லு மண்டையா. கண்ண மூடு.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, தூங்கிவிட்டார்.